ஓட்டைப் பிரிக்க நிறுத்திய மைத்துனன்

ஹார்லோ மாவட்டத்துக்கு மாநில செனட்டில் இரண்டு இடங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில், வாக்காளர் கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். நிற்கிறவர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருக்கும். பிடித்த இரண்டு பேருக்கு எதிரே வட்டத்தைக் கறுப்பாக்கலாம். ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு இன்னொன்றைச் சும்மா விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே ஆளுக்கு இரண்டையும் போட மட்டும் முடியாது. எண்ணி முடித்ததும் அதிக ஓட்டு வாங்கிய முதல் இரண்டு பேர் மாநிலத் தலைநகரான மான்ட்பீலியருக்குப் போவார்கள். ஏற்பாடு இவ்வளவுதான். இந்த ஏற்பாட்டில் ஒன்பது தடவை தொடர்ந்து ஜெயித்த செனட்டர் வெண்டல் ப்ரௌட்டிக்கு அது கடைசி வரை விளங்கவில்லை என்பதால்தான் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் ஆட்கள் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

வெண்டல் நல்ல உயரம். வெள்ளை முடி, இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கும் பழக்கம். அப்பா விட்டுப்போன காப்பீட்டு அலுவலகம் இருந்தது. அதை இரண்டு பெண்கள் நடத்தினார்கள். மாவட்டத்தில் யார் வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்பது அவருக்குத் தெரியும். பதினெட்டு வருடத்தில் அவர் பெயரில் நிறைவேறிய சட்டம் ஒன்றே ஒன்று: நெடுஞ்சாலைப் பலகைகளில் மாவட்டத்தின் பெயரை ஓர் அங்குலம் பெரிதாக எழுத வேண்டும் என்பது. அதற்காக அவர் வாங்கிய பாராட்டுக் கேடயம் வரவேற்பறையில் கணப்புக்கு மேலே மாட்டியிருந்தது.

இன்னொரு செனட்டர் லூசியன் டெரோஷே. குள்ளம், சத்தமான குரல், டிராக்டர் விற்கிறவர். வெண்டல் ஒரு கட்சி, லூசியன் எதிர்க்கட்சி. மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். மேடையை விட்டு இறங்கினால் ஒரே தட்டில் ஆப்பிள் பை தின்பார்கள். இரண்டு கட்சியும் ஆளுக்கு ஒருவரைத்தான் நிறுத்தும். அது எப்படியோ அப்படிப் பழகிவிட்டது. தன் ஆட்களிடம் வெண்டல் குரலைத் தாழ்த்தி, ரெண்டாவது ஓட்டை லூசியனுக்குப் போட்டால் தனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்பார். அந்தப் பக்கம் லூசியனும் அதையே சொல்வார். இடம் இரண்டு, ஆள் இரண்டு. செனட்டுக்குப் போனதும் கட்சிக்கொன்றாக எதிரெதிராகக் கை தூக்குவார்கள். ஆக, எந்த விஷயத்திலும் ஹார்லோ மாவட்டத்தின் கருத்து மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் பூஜ்யம்தான்.

அவர்களுக்குள் இருந்த ஒரே போட்டி, யார் முதல் இடம் என்பது. கூடுதல் ஓட்டு வாங்கியவருக்கு ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் முன்னால் போகிற திறந்த கார். மற்றவருக்கு அதன் பின்னால் வரும் கார். அதற்கும் பின்னால் குதிரைகள். கடந்த மூன்று தடவையாக முன் கார் வெண்டலுக்கு. குதிரைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறபோது லூசியன் முகத்தைப் பார்ப்பதே அவருக்குத் தனி சுகம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் கட்டை போட்டது மில் பாலம். ஏழு வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் ஆற்றின் நடுத்தூண் சாய்ந்து, பாலத்தின் இரண்டு முனையிலும் சிமெண்ட் கட்டைகளை வைத்து மூடிவிட்டார்கள். மேல் ஊரிலிருந்து கீழ் ஊருக்குப் போக மலையைச் சுற்றி மண்சாலையில் வர வேண்டும். ஏப்ரலில் பனி உருகினால் அந்தச் சாலையில் அச்சு வரைக்கும் சேறு. ஒவ்வொரு தேர்தலுக்கும் செனட்டர்கள் இருவரும் தனித்தனியாக வந்து, சிமெண்ட் கட்டைமேல் ஒரு காலை வைத்து, கவலையோடு ஆற்றைப் பார்ப்பதுபோலப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்தச் சாலையில் தினமும் பால் டேங்கர் ஓட்டுகிறவள் நோரீன் டட்டன். நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவள். மே மாதம் ஒரு காலை, ஊர்க் கடையில் வெண்டல் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தபோது, முழங்கால் வரை சேற்றோடு அவள் காபிக்கு நின்றிருந்தாள்.

"செனட்டரே, பாலம் என்னாச்சு?" என்றாள்.

"ஆய்வு நடந்துக்கிட்டிருக்கு, நோரீன்."

"போன தேர்தலுக்கும் அதான் சொன்னீங்க. ஆய்வு பண்றவங்க பாவம், அக்கரைக்குப் போக வழியில்லாம நிக்கிறாங்களோ என்னவோ."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் வெண்டல். அது அவருடைய தொழில் சாமர்த்தியம். ஆனால் அடுத்த வாரம் அதே கடையில், அதே இடத்தில், சுயேச்சையாக நிற்பதற்கு நோரீன் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். வரிசையில் வெண்டலிடம் காப்பீடு எடுத்தவர்களும் இருந்தார்கள்.

அதன் பிறகு வெண்டலுக்குச் சோறு இறங்கவில்லை. பாலத்துக்காகக் கோபமாக இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். நிறைய இருந்தார்கள். அந்த ஓட்டெல்லாம் மொத்தமாக ஒரே பெட்டிக்குப் போனால் ஆபத்து. அதை உடைக்க வேண்டும். கவர்னர் தேர்தல்களில் இதை அவர் பார்த்திருக்கிறார்: ஒரே விஷயத்தைப் பேசுகிற இன்னொரு ஆளை நிறுத்தினால் இருவரும் ஓட்டைப் பிரித்துக்கொண்டு இருவரும் தோற்பார்கள். யோசனை வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டாம் தரம் பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டார்.

ஆளும் வீட்டிலேயே இருந்தான். மனைவி யூனிஸின் தம்பி ஆல்டன் ஃபிஸ்க். மரம் அறுக்கும் ரம்பமும் பனி தள்ளும் எந்திரமும் பழுது பார்க்கிறவன். ஐம்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்பதால் எல்லோரும் குறுக்கே புகுந்துவிடுவார்கள்; எந்த வீட்டு விருந்திலும் அவன் ஒரு வாக்கியத்தை முடித்ததாகச் சரித்திரம் கிடையாது. வெண்டல் அவன் பட்டறைக்கே போனார்.

"மச்சான், நீ செனட்டுக்கு நிக்கணும்."

"எதுக்கு அத்தான்?"

"தோக்கிறதுக்கு."

ஆல்டன் ஒரு நிமிடம் யோசித்தான். "அது எனக்கு வரும்" என்றான்.

வெண்டல் விளக்கினார். சுயேச்சையாக நிற்க வேண்டும். பாலத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும், அதுவும் நோரீனைவிடச் சத்தமாக. பேச வேண்டியதை வெண்டலே எழுதித் தருவார். விஷயம் குடும்பத்துக்கு வெளியே போகக் கூடாது. கைம்மாறாக, அடுத்த கோடையில் ஏரியில் மீன் பிடிக்க வெண்டலின் மோட்டார் படகு முழுக்க முழுக்க அவனுக்கு. ஆல்டன் படகைவிட இன்னொன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். மேடையில் அவன் பேசும்போது நடுவில் யாரும் குறுக்கே பேச மாட்டார்களா? மாட்டார்கள் என்றார் வெண்டல். அதுதான் விதி. அப்படியானால் சரி என்றான் ஆல்டன்.

வீட்டில் யூனிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுன்னா நீ சொல்றது சரி" என்றாள். "இங்க ரெண்டு ஓட்டு. பாலத்துக்காகக் கோவமா இருக்கிறவன் நோரீனுக்கு ஒண்ணு போட்டுட்டு, இன்னொண்ணை என்ன பண்ணுவான்?"

"யூனிஸ், பதினெட்டு வருஷமா நான் இந்தத் தொழில்ல இருக்கேன்."

"அதனாலதான் கேக்கறேன்."

வெண்டல் தன் அறைக்குப் போய் ஆல்டனுக்கான பேச்சை எழுத உட்கார்ந்தார். இத்தனை நாளாக அந்தக் கோபக்காரர்களும் வேறு வழியில்லாமல் தனக்கோ லூசியனுக்கோதான் போட்டுவந்தார்கள். நோரீன் வந்த பிறகும் அவர்களுடைய இரண்டாவது ஓட்டு வேறு போக்கிடம் இல்லாமல் தங்களில் ஒருவருக்கே வந்திருக்கும் என்பதெல்லாம் அவர் மண்டையில் ஏறவில்லை. போக்கிடம் இல்லாத ஓட்டுக்குத் தன் கையாலேயே ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்தார்.

அக்டோபரில் சர்ச்சுக் கூடத்தில் கோழிக்கறியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட பையோடு வழக்கமான விருந்து. தேர்தல் வருடமென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு வேட்பாளர்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசுவார்கள். லூசியன் பால் விலையைப் பற்றிப் பேசினார். வெண்டல் பொறுப்பைப் பற்றியும் அனுபவத்தைப் பற்றியும் பேசினார். நோரீன் எழுந்து, பாலத்தைச் சரிசெய்ய வேண்டும், அதற்குத்தான் நிற்கிறேன், பை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு ஆல்டன். முதல் தடவையாக அவன் பேச்சை ஒரு கூடமே வாய் பொத்திக் கேட்டது. வெண்டல் எழுதிக் கொடுத்த பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பதினெட்டு வருடமாகத் தன்னைப் பற்றி எதிரிகள் என்ன சொல்லக்கூடும் என்று அவர் பயந்தாரோ அதையெல்லாம் சேர்த்து எழுதியிருந்தார். சிமெண்ட் கட்டைமேல் கால் வைத்துப் படமெடுக்கும் செனட்டர்களைப் பற்றி ஒரு வரி இருந்தது. ஆல்டன் அந்த வரிக்கு வந்ததும் நாற்காலிமேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, ஆற்றைப் பார்ப்பதுபோலக் கூரையைப் பார்த்தான். அது எழுதிக் கொடுத்ததில் இல்லை. கூடம் குலுங்கியது. சமையலறையில் தட்டுக் கழுவிய பெண்கள் ஈரக் கையோடு வெளியே வந்து பார்த்தார்கள்.

கைதட்டல் ஒவ்வொன்றும் நோரீனிடமிருந்து பிடுங்கியது என்று வெண்டல் கணக்குப் போட்டார். சந்தோஷம் தாங்காமல் அவரும் தட்டினார். பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர், மைத்துனரை இப்படி மனதாரப் பாராட்டுகிற பெருந்தன்மை யாருக்கு வரும் என்று அவர் முதுகைத் தடவினார்.

விருந்து முடிந்து வெளியே வந்தபோது, ஆல்டனின் வண்டி கிளம்பவில்லை. ஊர் எந்திரமெல்லாம் சரிசெய்கிறவனின் சொந்த வண்டி எப்போதும் அப்படித்தான். நோரீன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து கூட்டங்களுக்கு இருவரும் சேர்ந்தே வர ஆரம்பித்தார்கள். அவளுக்குப் பேசப் பிடிக்காது; அவனுக்குப் பேசத்தான் பிடிக்கும். யாராவது கேட்டால், உங்களிடம் இரண்டு ஓட்டு இருக்கிறது, நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்று ஆல்டன் சொல்வான். இதற்கு எழுதித் தர ஆள் தேவைப்படவில்லை.

வெண்டல் பட்டறைக்குப் போய், அவளோடு சண்டை போட வேண்டியவன் ஒட்டிக்கொண்டு திரிகிறாயே என்று கடிந்துகொண்டார்.

"நீங்க பாலத்தைப் பத்திப் பேசச் சொன்னீங்க, பேசறேன்" என்றான் ஆல்டன். "அவ நல்லவ அத்தான். நான் பேசி முடிக்கிற வரைக்கும் வண்டி ஓட்டுறா."

இதற்கிடையில் வெண்டலுக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. நோரீனை ஒழித்தாயிற்று, மிச்சம் லூசியன்தான். இந்தத் தடவை லூசியன் முந்திவிடுவார் என்று கீழ் ஊரில் பேச்சு. மறுபடி குதிரைகளுக்குப் பக்கத்தில் உட்கார வெண்டலால் முடியாது. தன் ஆட்கள் லூசியனுக்குப் போடும் இரண்டாவது ஓட்டுத்தானே அவரைத் தூக்கிவிடுகிறது? அதை நிறுத்தினால் போதும். ஆகவே கடைசி இரண்டு வாரம் வீடு வீடாகப் போய், இந்தத் தடவை என் ஒரு பெயருக்கு மட்டும் போடுங்கள், அடுத்த வட்டத்தைத் தொடவே தொடாதீர்கள் என்று ரகசியமாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நம் மாவட்டத்து ஆட்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

அதே இரண்டு வாரம், ஆற்றுக்கு அந்தப் பக்கம், அதே ரகசியத்தை லூசியனும் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாலம் இல்லாததால் இருவரும் ஒருவரை ஒருவர் சந்திக்கவில்லை.

தேர்தல் நாள் நல்ல குளிர். ஊர்மன்றத்துக்கு வெளியே, சட்டம் அனுமதித்த தூரத்தில் வெண்டல் காலையிலிருந்து நின்று கை குலுக்கினார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களில் ரம்பப் பட்டறைக்கு எதிர்வீட்டுக்காரர் சந்தோஷமாக அவரிடம் வந்தார்.

"செனட்டரே, நீங்க கவலையே படாதீங்க. எங்க வீட்ல எல்லாரும் ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு உங்க மச்சானுக்கு."

"ஆல்டனுக்கா?"

"பின்னே? விருந்துல நீங்க கைதட்டினதைப் பார்த்தோமே. ரெண்டாவது ஓட்டைச் சும்மா விடச் சொன்னீங்க, குடும்பத்து ஆளைக் கேக்க உங்களுக்குக் கூச்சம்னு எங்களுக்குப் புரியாதா?"

வெண்டல் கையை விடாமல் அப்படியே நின்றார். அவன் டம்மி என்று சொல்ல வாயெடுத்தார், சொல்ல முடியாது. அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவர் சொல்லவில்லை, கண்ணடித்தார். மத்தியானத்துக்குள் வெண்டலின் இரண்டு கையும் குலுக்குவதை நிறுத்திக் கோட்டுப் பைக்குள் போய்விட்டன.

சாயங்காலம் எண்ணினார்கள். நோரீன் முதல் இடம். கோபக்காரர்களில் பலருடைய இன்னொரு ஓட்டும், வெண்டலைச் சந்தோஷப்படுத்த நினைத்தவர்களின் இன்னொரு ஓட்டும் சேர்ந்து ஆல்டன் ஃபிஸ்க் இரண்டாம் இடம். லூசியன் மூன்று. பதினெட்டு வருட செனட்டர் வெண்டல் ப்ரௌட்டி நான்கு. நின்றதே நான்கு பேர்.

வீட்டுக்கு வந்ததும் அவர் யூனிஸிடம் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"நீ யாருக்குப் போட்டே?"

"ரெண்டு ஓட்டு. ஒண்ணு புருஷனுக்கு, ஒண்ணு தம்பிக்கு" என்றாள் அவள். "ஏன், அவன் நிக்கணும்னு நீதானே ஆசைப்பட்டே?"

மறுநாள் காலை ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் லூசியன் தனியாக உட்கார்ந்திருந்தார். வெண்டல் எதிரே போய் உட்கார்ந்தார். தட்டில் வாஃபிள் இருந்தது, யாரும் தொடவில்லை.

"உன் ஆளுங்க எனக்குப் போடல" என்றார் லூசியன்.

"உன் ஆளுங்களும்தான் எனக்குப் போடல."

"நான் போட வேணாம்னு சொன்னேன்."

"நானும் சொன்னேன்."

நாலு வருடத்துக்கு முன் இதே மேசையில் உட்கார்ந்து, ஆள் மாறினால் மாவட்டமே நாசமாகிவிடும் என்று இருவரும் பேசிக்கொண்டதை வெண்டல் நினைவுபடுத்தினார். லூசியன் மேப்பிள் பாகு ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, எப்படியும் நான் உனக்கு முன்னாலதான் வந்தேன் என்றார். சொல்லும்போதே முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வெண்டல் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் அவர்கள் ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை.

நோரீனும் ஆல்டனும் ஜனவரியில் மான்ட்பீலியருக்குப் போனார்கள், அவள் வண்டியிலேயே. நோரீன் போக்குவரத்துக் குழுவில் உட்கார்ந்து, பாலம் எப்போது என்ற கேள்வியைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. அதிகாரிகள் என்ன பதில் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் அதையே கேட்டாள். வசந்தத்துக்குள் அவர்கள் களைத்துப்போய் வேலைக்கு உத்தரவு போட்டார்கள். ஆல்டனை மீன், வனவிலங்குக் குழுவில் போட்டார்கள். அவன் மோசமில்லை என்று முதலில் பேச்சு. மூன்றாம் மாதமே இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டான். டிரௌட் மீனின் நீளத்தைப் பற்றி அவையில் எழுந்து பேசியவன் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்காரவில்லை. அங்கே குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. கோடை வந்ததும், பேசியபடி வெண்டலின் படகை மறக்காமல் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

அதற்கு முன்பே, மார்ச்சில், ஊர்க் கூட்டம் நடந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஊரே மன்றத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, சாலைப் பராமரிப்பிலிருந்து நூலகம் வரை கை தூக்கி முடிவு செய்யும் நாள். வெண்டல் கடைசி வரிசையில் யூனிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சில்லறைப் பதவிகளுக்கு ஆள் போடும் நேரம் வந்தது. வேலி பார்ப்பவர் என்று ஒரு பதவி உண்டு. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் வேலிக்காகச் சண்டை போட்டால் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு சண்டை ஊரில் யாருக்கும் நினைவு தெரிந்து வந்ததில்லை. மூன்று இடம், இரண்டு பேர்தான் இருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் வேறு யாராவது உண்டா என்று கேட்டார். யாரோ முன்வரிசையில், குறும்பாகவோ இரக்கத்தினாலோ, வெண்டல் ப்ரௌட்டி என்றார்கள்.

"எழுந்திருக்காதே" என்று யூனிஸ் மெல்லச் சொன்னாள்.

எதிர்ப்பு இல்லை. இடம் மூன்று, ஆள் மூன்று. வெண்டல் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இந்த ஊர் தன்மேல் வைத்த நம்பிக்கைக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தார். வேலி என்பது வெறும் கம்பியல்ல என்றார். நல்ல நிர்வாகம், அனுபவம், பொறுப்பு ஆகியவற்றைத் தொட்டார். பின்வாசலுக்குப் பக்கத்தில் சூப் மணம் வர ஆரம்பித்து, ஆட்கள் ஒவ்வொருவராக நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுக் கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். அவர் அண்டை அயலாரின் ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.